வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருவோர் கவனத்துக்கு: சிங்காரச் சென்னை அட்டையும் ஃபாஸ்டேகும்

இரண்டுக்கும் ‘ரீசார்ஜ்’ என்றுதான் பேச்சு, குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். மெட்ரோ, பேருந்துக்கான சிங்காரச் சென்னை அட்டையில் பணம் சிப்புக்குள் இருக்கிறது. நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிக்கான ஃபாஸ்டேகில் பணம் வங்கியில் இருக்கிறது. கார் கண்ணாடியில் ஒட்டியிருப்பது வெறும் எண்.

அட்டை 2023 ஏப்ரலில் மெட்ரோவுக்கு வந்தது, 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துக்கும் வந்துவிட்டது. கேட் நொடிக்குள் திறந்தாக வேண்டும் என்பதால் அது வங்கியைக் கேட்பதில்லை, சிப்பில் எழுதியிருக்கும் தொகையை மட்டும் படிக்கிறது. ஆகவே போனில் 500 ரூபாய் போட்டாலும் அட்டைக்கு அது தெரியாது. நிலையத்துக் கவுண்டரிலோ இயந்திரத்திலோ அட்டையை வைத்து ‘பேலன்ஸ் அப்டேட்’ செய்தால்தான் தொகை சிப்பில் ஏறும். அதைச் செய்யாமல் கேட்டில் தட்டிவிட்டு, சிவப்பு விளக்கு எரிந்ததும் காவலரிடம் எஸ்எம்எஸ்ஸைக் காட்டிப் பயனில்லை. அட்டை தொலைந்தால் சிப்பில் இருந்த பணமும் போச்சு. 200, 300 என்று போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பத்து நாள் பயணத்துக்கு அட்டையே வேண்டாம், போனில் எடுக்கும் கியூஆர் டிக்கெட் போதும். மெட்ரோவில் இரண்டுக்கும் 20 சதவீதத் தள்ளுபடி ஒன்றுதான். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். பணம் கட்ட யுபிஐ வேண்டுமே என்றால், சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், கனடா போன்ற சில நாட்டு போன் எண்களிலேயே என்ஆர்இ, என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்குகள்) கணக்கை இணைக்க வழி இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும் முன்பே இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஃபாஸ்டேகில் தகராறு வேறு மாதிரி. அப்பா காரின் டேக் மகனுடைய பழைய இந்திய எண்ணில் பதிவாகியிருக்கும், அந்த சிம் செத்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். பேலன்ஸ் குறைந்தது, கேஒய்சி (அடையாள விவரம்) புதுப்பிக்கச் சொன்னது, எதுவுமே யாருக்கும் வந்து சேராது. சாவடியில் ‘பிளாக்லிஸ்ட்’ என்று வரும்போதுதான் விஷயமே தெரியும். 2025 நவம்பர் 15-இல் வந்த விதிப்படி, அப்படி நின்றால் ரொக்கத்தில் இரு மடங்கு சுங்கம் கேட்டார்கள், யுபிஐயில் ஒன்றேகால் மடங்கு. வரிசையில் நின்றபடி ரீசார்ஜ் செய்வதை நம்ப வேண்டாம்; சில சாவடிகளில் பட்டியல் தாமதமாகத்தான் புதுப்பிக்கப்படுகிறது. வந்த முதல் நாளே டேக் கொடுத்த வங்கியில் எண்ணை மாற்றுங்கள். கண்ணாடி மாற்றிய கார் என்றால் பழைய டேக்கை உரித்து ஒட்டாதீர்கள்: உள்ளே இருக்கும் ஆன்டெனா கிழிந்துவிடும். புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்த வருடாந்திர பாஸ், 200 தடவை சாவடி கடக்க, அல்லது ஒரு வருடத்துக்கு. எது முதலில் முடிகிறதோ அது. சென்னையிலிருந்து திருச்சிக்குப் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என ஆறு சாவடி. போய்வந்தால் 12 கழியும், அந்த 3,000 ரூபாய் விலையில் ஒரு சாவடிக்கு 15 ரூபாய்தான் விழுந்தது. வீட்டுக் கார் அடிக்கடி ஓடுமானால் எடுக்கலாம், வருஷம் முழுக்க ஷெட்டில் நிற்கிற காருக்கு வீண். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை மாநிலச் சாலை. அங்கே இந்த பாஸ் செல்லாது, டேக்கில் தனியாகப் பணம் இருக்க வேண்டும்.