வாலட் காட்டும் தொகையும் கைக்கு வரும் தொகையும்: ஹைவ் சமூக டோக்கன் அனுபவம்

டோக்கன் விலைகள் மறுபடியும் சரிந்ததும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நண்பர்கள் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். "சல்லிசாக் கிடைக்குதே, இப்ப வாங்கிப் போடலாமுங்களா?" எழுத்துக்கு டோக்கன் தரும் பிளாக்செயின் தளமான ஹைவில் பல வருடமாக எழுதுகிறேன். எழுத்துக்குக் கிடைக்கும் சமூக டோக்கன்களை (அங்குள்ள குழுக்கள் தாங்களே வெளியிடும் டிஜிட்டல் நாணயங்களை) விற்பேன், சிலதை வாங்குவேன். கணக்குத் தொடங்குவது, சாவிகளைப் பத்திரமாக வைக்கும் கீச்செயின் செயலியைப் போடுவதெல்லாம் தெரிந்த விஷயம், அதை விட்டுவிடுகிறேன். எனக்கு ஆறாத கடுப்பு ஒன்று உண்டு, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நான் பயன்படுத்தும் வாலட் பக்கத்தின் உச்சியில் கொட்டை எழுத்தில் ஒரு தொகை நிற்கும்: உங்கள் டோக்கன்களின் மொத்த மதிப்பு. பக்கத்தின் பெயர் வேண்டாம், பல வாலட்டுகள் இப்படித்தான் செய்கின்றன. அந்தத் தொகை எப்படி வருகிறது? கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையை எடுத்து உங்களிடம் இருக்கும் எண்ணிக்கையால் பெருக்குகிறது, அவ்வளவுதான். அந்தக் கடைசி வியாபாரம் இரண்டே இரண்டு டோக்கனுக்கு நடந்திருக்கலாம், போன வாரம் நடந்திருக்கலாம். பெருக்கலுக்கு அதெல்லாம் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் 5,000 டோக்கன், கடைசி விலை 0.004 ஹைவ் (தளத்தின் நாணயத்துக்கும் அதே பெயர்தான்). வாலட் 20 ஹைவ் என்று காட்டும். யார் என்ன விலைக்கு வாங்க, விற்க நிற்கிறார்கள் என்று காட்டும் ஆர்டர் புக்கைத் திறந்தால் வாங்க நிற்பவர்கள் இப்படி இருப்பார்கள்: 0.0038-க்கு 300, 0.003-க்கு 700, 0.0015-க்கு 2,000, அதற்குக் கீழே 0.0001-க்கு எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு புண்ணியவான். மொத்தத்தையும் ஒரே அடியாக விற்றால் கைக்கு வருவது 6.44 ஹைவ். இருபது எங்கே, ஆறரை எங்கே? நீங்கள் விற்ற அந்த அடிமட்ட விலைதான் அடுத்த ஆளுக்குக் கடைசி விலை. அவருடைய வாலட்டில் மதிப்பு ராத்திரியோடு ராத்திரியாகக் கரைந்திருக்கும், அவர் ஒன்றுமே செய்யாமல்.

என் அப்பா வேலந்தாவளம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிய மனிதர். இந்தத் திரையை ஒரு முறை காட்டினேன். "ரேட்டு இருக்கறது சரி, எடுக்கறதுக்கு ஆளு இருக்குதா?" என்றார். வாலட் செய்தவர்களுக்குத் தோன்றாதது அவருக்கு முதல் பார்வையிலேயே தோன்றியது.

ஆள் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் உண்டு. 2016-இல் தொடங்கிய ஸ்டீம் என்ற பிளாக்செயினிலிருந்து, டிரான் கிரிப்டோவின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கிய பிறகு, 2020 மார்ச் 20 அன்று பிரிந்து வந்ததுதான் ஹைவ். சமூக டோக்கன்கள் அதற்கு முன்பே, 2019-இல், டோக்கன் உருவாக்கவும் விற்கவும் உதவும் ஸ்டீம் எஞ்சினில் முளைத்திருந்தன. இந்தப் பக்கம் அந்த வேலையைச் செய்வது ஹைவ் எஞ்சின். அதன் சொந்த நாணயத்தில் 100 கட்டினால் யார் வேண்டுமானாலும் ஒரு டோக்கன் உருவாக்கலாம். உருவாக்குவது சுலபம் என்பதால் டோக்கன்கள் குவிந்தன, வாங்கும் கூட்டம் அதே அளவுக்குப் பெருகவில்லை. எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் டோக்கன் சம்பளமாகக் கிடைக்கிறது, எல்லோரும் விற்க நிற்கிறார்கள். அப்புறம் விலை எங்கே ஏறும்?

இதோடு ஸ்டேக் வேறு. பதிவுகளுக்கு நாம் போடும் ஓட்டுக்குப் பலம் வேண்டுமென்றால் டோக்கனைப் பூட்டி வைக்க வேண்டும், திறப்பதற்குக் காத்திருக்க வேண்டும். ஹைவிலேயே 13 வாரம், வாரத் தவணையாக வரும். சமூக டோக்கன்களில் ஒவ்வொருவரும் ஒரு கெடு வைத்திருக்கிறார்கள். நான் ஸ்டேக் எடுத்த ஒரு சமூகத்தில் கடைசித் தவணை வந்து சேர்ந்தபோது வாங்குவோர் பக்கம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. நடத்தியவர்கள் அறிவிப்புகூடப் போடவில்லை.

சரி, நியாயமும் பேசுவோம். பொறுமை உள்ளவருக்கு இந்தச் சந்தை ஒரு நல்ல பள்ளிக்கூடம். ஆர்டர் புக், நம் விலையை நாமே குறித்துக் காத்திருக்கும் லிமிட் ஆர்டர், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளி எல்லாவற்றையும் சில்லறைக் காசில் கற்றுக்கொள்ளலாம். பரிமாற்றத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. மூன்று வினாடிக்கு ஒரு பிளாக் (பதிவுகளின் தொகுப்பு) என்பதால் ஆர்டர் போட்டுக் கண்ணை எடுப்பதற்குள் பதிவாகிவிடும். கோபாலபுரம் செக்போஸ்ட் அருகே என் போன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் மாறி மாறித் தாவும்போதுகூட ஆர்டர் போய்ச் சேர்ந்திருக்கிறது. திரை உறைந்துபோனாலும் கணக்கு வரலாற்றைப் பார்த்தால் தெரிந்துவிடும். எழுத ஒரு சாவி, டோக்கனைக் கையாள இன்னொரு சாவி என்று பிரித்து வைத்திருப்பதும் அருமையான ஏற்பாடு. போஸ்டிங் சாவி திருடு போனாலும் காசை நகர்த்த முடியாது. ஆக்டிவ் சாவியை மட்டும் கேட்கிற இடத்திலெல்லாம் ஒட்டாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், என் விலையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போவது. காலையில் பார்த்தால் உலகத்தின் எந்த மூலையிலோ ஒருவர் அதில் கால்வாசியை எடுத்திருப்பார். மறுநாள் இன்னும் கொஞ்சம் போயிருக்கும். அந்தச் சந்தோஷத்துக்கும் தொகைக்கும் சம்பந்தமே இல்லை, ஒரு டீக்குக்கூடத் தேறாது. இருந்தாலும் போனை எடுத்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். ஹைவுக்கு மாற்றி வெளியே எடுக்கும்போது மாற்றித் தரும் நுழைவாயில்காரர் கட்டணமாக ஒரு துண்டைப் பிடித்துக்கொள்வார், அதற்கு நான் பெரிதாக முணுமுணுப்பதில்லை.

வரி விஷயத்தில் முணுமுணுக்காமல் இருக்க முடியாது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, மேலே செஸ். ஒரு டோக்கனில் விட்ட நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து விற்பனைத் தொகையில் 1 சதவீத டிடிஎஸ்ஸும் உண்டு. பத்து டோக்கனை உருட்டுகிற ஆளுக்கு ஒன்பதில் நஷ்டம், ஒன்றில் லாபம் என்றால் அந்த ஒன்றுக்கு முழு வரி. இந்த விதியை வைத்துக்கொண்டு சல்லிசு டோக்கன்களைக் கைநிறைய வாங்கிப் போடுவதில் என்ன கணக்கு இருக்கிறது என்று அந்த நண்பர்கள்தான் சொல்ல வேண்டும்.

எழுத வருகிறவர்கள் வரட்டும். கிடைக்கும் டோக்கனை லிமிட் ஆர்டரில் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுப் பழகட்டும். கையிலிருக்கும் ரூபாயைக் கொண்டுவந்து வாங்கிப் போட வேண்டாம். நான் விட்டுப் போகப் போவதில்லை, நேற்றுகூட 400 டோக்கனுக்கு ஓர் ஆர்டர் போட்டிருக்கிறேன். மேலே இவ்வளவு புகழ்ந்தும் இந்த அனுபவத்துக்கு அஞ்சுக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுக்கிறேன். வாலட்டில் அந்த மொத்த மதிப்பை மறைக்க ஒரு பட்டன் வைத்தால் மூன்றரை.