பூஜ்ஜிய ரிங்கிட் டிக்கெட்டும் பிளஸ் பிளஸ் ஹோட்டலும்: எதில் எவ்வளவு போகிறது?

"அடிப்படைக் கட்டணம் 0 ரிங்கிட்" என்று ஒரு மலிவு விமான நிறுவனம் விளம்பரம் போட்டால், கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் போகிறவர் கையிலிருந்து உண்மையில் எவ்வளவு போகும்? கேஎல்ஐஏ இரண்டாம் முனையத்திலிருந்து ஆசியானுக்கு வெளியே பறக்க ஏர்போர்ட் டாக்ஸ் 50 ரிங்கிட். 2019 செப்டம்பரில் வந்த புறப்பாட்டு வரி, சாதாரண வகுப்புக்கு 20. ஆக, விமானம் ஓடுபாதைக்கு நகரும் முன்பே 70 வெள்ளி (ரிங்கிட்) போய்விடுகிறது. முதல் முனையம் என்றால் ஏர்போர்ட் டாக்ஸ் மட்டும் 73, வரியோடு 93. பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் 50தான். திரும்பி வரும்போது இந்தியப் பக்கம் பிடிக்கும் கட்டணங்கள் இதில் சேரவில்லை.

இதை ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். யாருடைய விமானத்தில் ஏறினாலும் கட்டித்தான் ஆகவேண்டிய காசு இது. அதோடு, 2016இல் வந்த விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிக்கோவை, விலையை வரியோடு முழுசாகக் காட்டவேண்டும் என்கிறது. கேட்காத சேவையைத் தானாக டிக்கெட்டில் ஏற்றக்கூடாது என்றும் சொல்கிறது. அதனால் இன்றைக்கு ஒருவர் வரியில் ஏமாறுவது குறைவு. காசு போவது வேறு இடங்களில்: பை, பெயர், தேதி. மலிவு டிக்கெட், முழுச் சேவை டிக்கெட், டிக்கெட்டும் ஹோட்டலும் சேர்ந்த பொதி, ஏஜென்ட் கடை என்று நமக்கு நான்கு வழி இருக்கிறது. விளம்பர விலையை வைத்து இவற்றை ஒப்பிட்டால் மலிவு டிக்கெட்தான் எப்போதும் ஜெயிக்கும். திட்டம் மாறினால் எவ்வளவு நட்டம் என்று ஒப்பிட்டால் வரிசையே தலைகீழாகிவிடும்.

பைதான் முதல் கணக்கு

ஏர் ஏசியா போன்ற நிறுவனத்தில் மலிவுக் கட்டணத்துக்குக் கிடைப்பது கையில் எடுத்துப்போகும் இரண்டு உருப்படி, மொத்தம் 7 கிலோ. பெரிய பை 56க்கு 36க்கு 23 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். பாங்காக்குக்கு வாரக்கடைசி போய்வருகிற இளைஞனுக்கு இது தாராளம். ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு? போகும்போது சித்தி வீட்டுக்கு மைலோ பொட்டலம், மாமாவுக்குக் கோடரித் தைலம், பிள்ளைகளுக்குச் சாக்லெட். அதிலேயே ஏழு கிலோ தீர்ந்துவிடும். வரும்போது பட்டுப்புடவை, வெண்கல விளக்கு, பொடி வகை, அத்தை கட்டிக்கொடுத்த முறுக்கு டின். திரும்பி வரும் பெட்டி போன பெட்டியைவிட லேசாக இருந்ததாக நம் குடும்பங்களில் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே ஒப்பிடவேண்டியது வெறும் டிக்கெட்டை இல்லை, பை சேர்த்த விலையை. இண்டிகோ மாதிரி நிறுவனத்தின் அனைத்துலகக் கட்டணத்தில் வழக்கமாகச் செக்-இன் பை அடங்கியிருக்கும். மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர் ஆகியவற்றில் எந்த வகைக் கட்டணம் என்பதைப் பார்க்கவேண்டும். முழுச் சேவை நிறுவனம் என்ற நம்பிக்கையில் மிக மலிவான வகையை எடுத்துவிட்டு, கவுண்டரில் நின்று விழிப்பவர்கள் உண்டு. மலிவு டிக்கெட்தான் வேண்டும் என்றால் பையை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். போகும்போது 20 கிலோ, வரும்போது 30 என்று இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறாக எடுக்கலாம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு வாங்கி, போகும்போது காலி எடைக்குக் காசு கொடுக்கிறார்கள். விமான நிலையத்தில் வாங்கினால் விலை எகிறிவிடும்.

நால்வர் குடும்பம் திருச்சிக்குப் போய்வர, பையும் இருக்கையும் சாப்பாடும் சேர்த்தபின், "விலை அதிகம்" என்று ஒதுக்கிய நிறுவனத்துக்கும் புரோமோ எனும் சலுகை டிக்கெட்டுக்கும் உள்ள இடைவெளி பல நேரம் நன்றாகச் சுருங்கிவிடும். தனியாள், ஒரு தோள்பை என்றால் புரோமோதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பினாங்குக்காரர்களுக்குத் தனிக் கணக்கு

கோலாலம்பூரிலிருந்து மலிவு விலை போட்டிருக்கிறார்கள் என்றதும் பினாங்கில் இருப்பவர் செய்வது இதுதான்: அந்த டிக்கெட்டை ஒரு நிறுவனத்தில், பினாங்கு–கோலாலம்பூர் டிக்கெட்டை இன்னொன்றில். இரண்டும் தனித்தனி ஒப்பந்தம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டால், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. இதில் முனையம் மாறும் தொல்லை வேறு. முதல் முனையத்தில் இறங்கி, பெட்டி வரும்வரை காத்திருந்து, ரயில் பிடித்து இரண்டாம் முனையத்துக்குப் போய் மறுபடி வரிசையில் நிற்கவேண்டும். ரயில் பயணம் சில நிமிடம், இரண்டு வெள்ளி, அது பெரிதில்லை. நேரத்தைத் தின்பது பெட்டியும் வரிசையும்தான். வெளிநாட்டுப் பயணக் கவுண்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பயணத்தை ஒரே நிறுவனத்தில், ஒரே புக்கிங்கில் எடுத்தால் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகும். இணைப்பு தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பாடு. விலை சற்றுக் கூடலாம். அந்தக் கூடுதலை நான் தயங்காமல் கொடுப்பேன். சென்னைதான் போகவேண்டும் என்றால் 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கிய பினாங்கு–சென்னை நேரடிச் சேவையின் விலையை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு கோலாலம்பூர் புரோமோவை யோசியுங்கள். பினாங்கு சுங்கை நிபோங்கிலிருந்து கோலாலம்பூர் போகும் பஸ்ஸுக்கும், கேஎல் சென்ட்ரலிலிருந்து விமான நிலையம் போகும் 55 வெள்ளி எக்ஸ்பிரஸ் ரயிலுக்கும் ஆகிற செலவை யாரும் புரோமோ விலையில் எழுதமாட்டார்கள்.

பெயரும் தேதியும்

விண்ணப்பக் கட்டத்தில் "குடும்பப் பெயர்" என்று ஒன்று கேட்கும். நமக்கு எங்கே குடும்பப் பெயர்? கடப்பிதழில் பெயர், ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர். அந்தச் சாய்கோட்டைக் கட்டம் ஏற்காது. ஒருவர் சாய்கோட்டை விட்டுவிட்டு எழுத்துகளை ஒட்டி எழுதுவார், இன்னொருவர் அப்பா பெயரையே விட்டுவிடுவார். ஏஜென்ட் கடையில் உட்கார்ந்திருக்கும் அக்கா இதை ஆயிரம் தடவை செய்தவர். கடப்பிதழை வாங்கிப் பார்த்துத்தான் தட்டுவார். நடுராத்திரி புரோமோ தொடங்கிய அவசரத்தில், கைப்பேசியில், ஆறு பேருக்கு நாமே தட்டும்போதுதான் எழுத்து பிசகும். மலிவு டிக்கெட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றவே முடியாது. எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் அன்றைக்கே நிறுவனத்தைத் தொடர்புகொள்வதுதான் வழி. இந்தியாவுக்கான இ-விசாவிலும் கடப்பிதழில் உள்ள அதே எழுத்துகள் வேண்டும்.

தேதி விஷயத்தில் புரோமோவும் நம் நாட்காட்டியும் ஒத்துப்போவதில்லை. பள்ளி விடுமுறை, தீபாவளி, தைப்பூசம், சீனப் பெருநாள் ஆகியவற்றில் மலிவு இருக்கை கிடைப்பது அபூர்வம். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் வைக்கும் முகூர்த்தத்தை விமான நிறுவனத்தைக் கேட்டா வைக்கிறார்கள்? கல்யாணத்துக்குப் போகிறவருக்குத் தேதி கல்லில் எழுதியது, அவருக்குப் புரோமோ பெரும்பாலும் உதவாது. தேதியைத் தன் இஷ்டத்துக்கு வளைக்கக்கூடிய ஓய்வு பெற்றவர்கள், ஆடித் தள்ளுபடிக்குத் தி.நகர் போகிற அக்காமார்கள், இவர்களுக்காகவே செய்ததுபோல் பொருந்தும்.

ஹோட்டல்: சொந்தத் தளமா, புக்கிங் செயலியா?

விமானத்தைவிட இங்கே கண்கட்டு அதிகம். ஆனால் கண்டுபிடிப்பதும் சுலபம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடாகிவிட்ட சேவை வரியும் பின்னால் வருகின்றன என்று பொருள். 200++ என்ற அறை 236 வெள்ளிக்குக் குறையாது. செயலியில் முதல் பக்கத்தில் ஒரு விலை, கடைசிப் பக்கத்தில் ஒரு விலை. ஒப்பிடுவதானால் கடைசிப் பக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள். பினாங்கில் உள்ளூர் மன்றக் கட்டணம் அறைக்கு இரவுக்கு இரண்டு மூன்று வெள்ளி உண்டு. பெரிய தொகை இல்லை.

ஊரிலிருந்து உறவினர் வரும்போது இன்னொன்று சேரும். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா இல்லாமல் வர அனுமதி இருப்பதால் பெரியப்பா குடும்பம் கிளம்பி வருகிறது. நாம் ஜார்ஜ்டவுனில் அறை போட்டு முழுக்காசும் கட்டிவிடுகிறோம். தங்குகிறவர் வெளிநாட்டவர் என்றால் சுற்றுலா வரி அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் உண்டு, மலேசியருக்குக் கிடையாது. அதையும் முன்பணத்தையும் பெரும்பாலும் கவுண்டரில்தான் கேட்பார்கள். இரண்டு அறை, நான்கு இரவு என்றால் 80 வெள்ளி. கையில் மலேசியக் காசு இல்லாத பெரியப்பா அங்கே நின்று நமக்குப் போன் போடுவார்.

செயலியின் சிறப்பு விலை பெரும்பாலும் "ரத்து செய்தால் பணம் திரும்பாது" என்ற வகையிலும், பசியாறல் (காலை உணவு) இல்லாத வகையிலும், மிக மோசமான அறை வகையிலும் இருக்கும். கோலாலம்பூரின் மலிவு ஹோட்டல்களில் ஜன்னலே இல்லாத அறை சகஜம். அறையின் பெயரில் ஒரு மூலையில் சொல்லியிருப்பார்கள், படத்தில் திரைச்சீலை தொங்கும். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீட்டு ஹோட்டல்கள் அழகுதான், பலவற்றில் லிப்ட் கிடையாது. முட்டிவலிக்கார அம்மாவை மரப்படியில் மூன்றாம் மாடிக்கு ஏற்றவேண்டும். பினாங்கின் பத்து பிரிங்கி கடற்கரையில் "கடல் பக்கம்" என்று போட்டிருந்தால், கடல் தெரியுமா என்று தனியாகக் கேளுங்கள்.

என் பழக்கம்: செயலியில் தேடுவது, பிறகு அதே அறைக்கு ஹோட்டலுக்கே போன் செய்வது. அதே விலைக்குப் பசியாறலோ, தாமதமாகக் காலி செய்யும் நேரமோ கிடைப்பதுண்டு. தேதியை மாற்றவேண்டி வந்தால் பேசுவதற்கு ஓர் ஆள் இருக்கிறார். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் பக்கம் அறை வேண்டும் என்றால் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். கிடைத்ததைப் பிடித்துவிடுங்கள், ரத்து செய்யக்கூடிய வகையில்.

பொதியும் ஏஜென்டும்

டிக்கெட்டும் ஹோட்டலும் ஒன்றாக விற்கும் பொதியில் மொத்த விலை குறைவுதான். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டமாட்டார்கள் என்பதில்தான் சிக்கல். ஒன்றை மட்டும் ரத்து செய்ய வழியிருக்காது. விளம்பரத்தில் உள்ள விலை "இருவர் பகிர்ந்து தங்கினால், ஒருவருக்கு" என்று இருக்கும். தனியாள் போனால் கதை வேறு. லங்காவிக்குத் தம்பதியாக மூன்று நாள் என்றால் வாங்கலாம். ஊருக்குப் போக இது எதற்கு? அங்கே தங்குவது சித்தப்பா வீட்டில்.

பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் உள்ள ஏஜென்ட் கடைகளை இளையவர்கள் பழைய காலத்து விஷயமாக நினைக்கிறார்கள். ஒரு சாவுச் செய்தி வந்து அன்று ராத்திரியே நாலு பேர் கிளம்பவேண்டும் என்றால் எந்தப் புரோமோவும் இல்லை. அந்த அக்காதான் எந்த விமானத்தில் இடம் இருக்கிறது என்று தேடிக் கொடுப்பார். அவருடைய சேவைக் கட்டணத்தை நான் குறை சொல்லமாட்டேன். சுற்றுலாப் பொதி விற்கும் ஏஜென்டிடம் மட்டும் கண் வேண்டும். சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா, குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால்தான் பயணம், "டிப்ஸ்" தனியா, நகைக்கடையிலும் பட்டுக்கடையிலும் கட்டாயம் நிறுத்துவார்களா என்று முன்பணம் கட்டும் முன் கேளுங்கள். மாத்தா சுற்றுலாக் கண்காட்சியின் கூட்டத்தில் இதையெல்லாம் கேட்க வாய் வராது. தாளை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். சொன்னதைச் செய்யாத ஏஜென்டைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட்.

நிறுவனமே மூடிவிட்டால்

2022 டிசம்பரில் மைஏர்லைன் பறக்கத் தொடங்கியபோது விலை எல்லாருக்கும் பிடித்திருந்தது. 2023 அக்டோபர் 12 காலையில் திடீரென்று எல்லாச் சேவையும் நின்றது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 125,000 பேர். கடன் அட்டையில் கட்டியவர்களுக்கு வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கோர ஒரு வழி இருந்தது; வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டியவர்களுக்கு அந்த வழி இல்லை. மாதக்கணக்கில் முன்கூட்டியே காசு வாங்கும் எந்தப் புரோமோவுக்கும், யாருடையதாக இருந்தாலும், கடன் அட்டையைத்தான் நீட்டவேண்டும்.

நிறுவனம் இருந்து விமானம் மட்டும் தாமதமானால் நிலைமை இப்போது பரவாயில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் சாப்பாடு தரவேண்டும். ஐந்து மணி நேரத்தைத் தாண்டி, இரவு தங்கும்படி ஆனால் தங்குமிடம். 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணி நேரத் தாமதத்துக்குப் பயணத்தை விட்டுவிட்டுப் பணத்தையே கேட்கலாம். கட்டிய வழியிலேயே 30 நாளில் திரும்பவேண்டும், வவுச்சரைத் திணிக்கமுடியாது. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அசையவில்லை என்றால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். முன்பு இதைப் பார்த்த மாவ்கோம் என்ற தனி ஆணையம் 2025 ஆகஸ்டில் அதோடு இணைந்துவிட்டது. ஆனால் சென்னையில் நீங்கள் தனியாகப் போட்ட, ரத்து செய்யமுடியாத அறையின் காசு எந்த விதிக்கோவையிலும் வராது.

நீங்களாகவே போகாமல் விட்ட மலிவு டிக்கெட்டிலும் ஒன்று மிஞ்சும். பறக்காதவருக்கு ஏர்போர்ட் டாக்ஸ் எதற்கு? அந்த 50ஐ அல்லது 73ஐ நிறுவனத்தின் தளத்தில் விண்ணப்பித்துத் திரும்பக் கேட்கலாம். ஆறு பேர் டிக்கெட் என்றால் குறைந்தது 300 வெள்ளி, படிவம் நிரப்பப் பத்து நிமிடம்.