நீல பெயின்ட் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை

திருச்சி போய்வந்ததைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் ஒரு ஜவுளிக்கடை பார்க்கிங்கில் நடந்தது டொராண்டோ திரும்பிய பிறகும் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது, அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

என் அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ. காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்), கையில் ஊன்றுகோல். ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். அரசாங்கம் கொடுத்த, பின்னால் இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் போக வர. ஆவணியில் வீட்டில் கல்யாணம், ஆடித் தள்ளுபடியிலேயே ஜவுளி எடுத்துவிடலாம் என்று அவள் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து போனோம்.

கடை வாசலிலேயே, லிஃப்டை ஒட்டி, இரண்டு கார் நிற்கிற அளவுக்கு நீல பெயின்ட் அடித்து, வெள்ளையில் சக்கர நாற்காலி வரைந்து, 'மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்' என்று போர்டும் வைத்திருந்தார்கள். பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம், ஊர் எவ்வளவு மாறிவிட்டது என்று. கிட்டே போனால் ஒன்றில் தள்ளுபடி பேனர் கட்டிய சவுக்குக் கட்டைகளைக் குவித்திருக்கிறார்கள், இன்னொன்றில் ஒரு வெள்ளைக் கார், ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே டிரைவர் தூங்குகிறார். அக்கா வண்டியை அந்தக் கட்டைகளுக்குப் பக்கத்தில் ஒதுக்கப் போனாள். செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். "அம்மா, இது கார் பார்க்கிங். டூவீலர் எல்லாம் கீழ பேஸ்மென்ட்."

அவள் ஊன்றுகோலைக் காட்டினாள். "தெரியுதும்மா, ஆனா டூவீலரை இங்க விட்டா எங்களைத் திட்டுவாங்க." அப்போ அந்தக் கார் என்று நான் கேட்டதற்கு, "தெரிஞ்சவங்க வண்டி சார், இப்ப எடுத்துருவாங்க."

நாங்கள் ஜவுளி எடுத்து, பில் போட்டு, பை வாங்கி வந்த பிறகும் அந்தக் கார் அங்கேயேதான் நின்றது.

பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் சரிவைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருந்தது. கீழே கோடு போட்டிருப்பது சாதாரண பைக்குக்கு. அக்காவின் வண்டி அதில் ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும். இறங்குபவளுக்கு ஊன்றுகோலை ஊன்றவும் பக்கத்தில் இடம் வேண்டும். திரும்பி வந்தபோது இரண்டு பக்கமும் பைக்குகளை நெருக்கி விட்டிருந்தார்கள், எல்லாம் ஹேண்டில் லாக். ஒரு புல்லட்டின் கால்வைக்கும் கம்பி அக்காவின் பக்கச் சக்கர மட்கார்டுக்குள் போய் மாட்டியிருந்தது. அங்கே நின்ற இரண்டு பையன்கள் கேட்காமலே வந்து கைகொடுத்தார்கள், பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி நகர்த்தினோம். அவ்வளவு நேரமும் அக்கா தூணில் சாய்ந்தபடி நின்றாள். காலிப்பர் போட்ட காலோடு நிற்பது எவ்வளவு வலி என்று அவள் சொல்லமாட்டாள், எனக்குத் தெரியும்.

வெளியே ரோட்டில் நோ பார்க்கிங்கில் நின்ற வண்டிகளைப் படம் எடுத்து அபராதம் போட்டுக்கொண்டிருந்த டிராஃபிக் போலீஸிடம் போய்ச் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார். "உள்ள அவங்க இடம் சார், அது எங்க கைக்கு வராது."

என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். சட்டம் இல்லாமல் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவைக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் என்று 89-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தப் பார்க்கிங் 3.6 மீட்டர் அகலம் வேண்டும், வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு அளவு வரை எழுதி வைத்திருக்கிறது. அளவு பார்த்துப் பெயின்ட் அடிக்கிறார்கள், பிளான் அப்ரூவல் வாங்குகிறார்கள், அதோடு சரி. மறுநாள் காலையில் அங்கே வேறொருவன் காரை விட்டால் அபராதச் சீட்டு கிழிப்பது யார் வேலை? யாருக்கும் இல்லை. ஹெல்மெட் போடாதவனை மூலைக்கு மூலை நிறுத்திப் பிடிக்கிற ஊரில்!

டொராண்டோவில் இதே மாதிரி இடத்தில் மாற்றுத்திறனாளி பெர்மிட் இல்லாமல் நிறுத்தினால் 450 டாலர் அபராதம். ஒன்டாரியோ முழுக்கவே 300 டாலருக்குக் குறைந்து போட முடியாது. முக்கியமாக, மால், ஆஸ்பத்திரி, சூப்பர்மார்க்கெட் என்று தனியார் இடத்துக்குள்ளேயும் அது செல்லும். பெர்மிட் ஆளுக்குத்தான், காருக்கு இல்லை. அந்த ஆள் எந்தக் காரில் வந்தாலும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் பாட்டியின் பெர்மிட்டை எடுத்துக்கொண்டு தனியாக ஷாப்பிங் போகிற பேரன்கள் இருக்கிறார்கள், பிடிபட்டால் பெர்மிட்டைப் பறிமுதல் செய்து அபராதமும் போடுவார்கள். மனிதர்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான், அங்கே கேட்க ஆள் இருக்கிறது.

நம்மூரிலும் ஒரு காலத்தில் ஆள் இருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அக்கா கையால் சுற்றுகிற மூன்று சக்கர சைக்கிளை விடும் சைக்கிள் ஸ்டாண்டில், வண்டி சீட்டின் மேல் சாக்பீஸால் நம்பர் போடுகிற பெரியவர், வாசலை ஒட்டிய ஓரத்தை அவளுக்கென்றே விட்டுவைப்பார். யாராவது அங்கே சைக்கிளைச் செருகினால் அவரே தூக்கி அந்தப் பக்கம் வைப்பார். அன்றைக்குப் பெயின்டும் கிடையாது, போர்டும் கிடையாது.

இன்னொன்று. இந்த நீலக் கட்டங்களை வரைந்தவர்கள் மனதில் இருந்தது கார் மட்டும்தான். எங்கள் ஊரில் கால் முடியாதவர்கள் தாங்களாகவே ஓட்டி வருவது பெரும்பாலும் இந்தப் பக்கச் சக்கர ஸ்கூட்டர்தான். ஒரு கார் இடத்தில் இரண்டு ஸ்கூட்டர் தாராளமாக நிற்கும். இதைச் செக்யூரிட்டிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. பன்னிரண்டு மணி நேரம் நின்று சம்பளம் வாங்குகிற அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

அக்கா வழக்கம்போல "விடுடா தம்பி, இதுக்கெல்லாம் லீவு போட்டு அலைய முடியுமா" என்றாள். நான் விடவில்லை. கார் நம்பர் தெரிகிற படம், கட்டைக் குவியல் படம், கடை பில் எல்லாம் வைத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கி, ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே ஸ்பீட் போஸ்ட்டில் போட்டுவிட்டேன். அவளுடைய அடையாள அட்டை நகலும் உள்ளே இருக்கிறது. வீட்டில் இதே கஷ்டம் உள்ளவர்கள் கேட்டால் அந்த மனுவை அப்படியே அனுப்பித் தருகிறேன், கடைப் பேரையும் தேதியையும் மாற்றிக்கொண்டால் போதும்.