டெக்ஸ்டர், பாரி, யூ: மூன்று கொலைகாரர்கள், நாம் யார் பக்கம்?

டெக்ஸ்டர் தொடரின் இரண்டாவது சீசன் முடிவில் சார்ஜென்ட் டோக்ஸ் காட்டுக்குள் ஒரு குடிலில், கூண்டில் அடைபட்டுக் கிடப்பார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. தன் அலுவலகத்தில் வேலை பார்க்கும் டெக்ஸ்டர்தான் கொலைகாரன் என்று கண்டுபிடித்தார், அவ்வளவுதான். நியாயமாக அவர் தப்பிக்க வேண்டுமே என்றுதான் நான் தவித்திருக்க வேண்டும். நானோ, இந்த ஆள் வெளியே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாதே என்று பதறிக்கொண்டிருந்தேன்.

கொலைகாரனை நாயகனாக வைத்து எடுக்கும் தொடர்களின் சாமர்த்தியமே இந்தப் பதற்றத்தில்தான் இருக்கிறது. இந்த வகையில் எதைப் பார்க்கலாம் என்று கேட்பவர்களிடம் பெரும்பாலும் மூன்று பெயர்கள் சொல்லப்படுகின்றன. ஷோடைமில் 2006 முதல் 2013 வரை வந்த டெக்ஸ்டர், எச்பிஓவில் 2018 முதல் 2023 வரை வந்த பாரி, 2018இல் லைஃப்டைமில் தொடங்கி நெட்ஃபிளிக்ஸுக்கு மாறி 2025இல் முடிந்த யூ. நடிப்பு, படமாக்கம் என்று வரிசையாக மார்க் போடப் போவதில்லை. ஒவ்வொன்றும் நம்மை எப்படிக் கொலைகாரன் பக்கம் சாய்க்கிறது, அப்படிச் சாய்த்ததற்குப் பதில் சொல்கிறதா என்பதை மட்டும் பார்க்கிறேன். முடிவுகளையும் சொல்லிவிடுவேன். பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.

டெக்ஸ்டரின் ஏற்பாடு ரொம்பச் சுத்தமானது. மூன்று வயதில் ஒரு கன்டெய்னருக்குள் கண்ணெதிரே தாய் வெட்டிக் கொல்லப்படுகிறாள். அந்த ரத்தத்தில் உட்கார்ந்திருந்த குழந்தையை ஹாரி என்ற போலீஸ்காரர் எடுத்து வளர்க்கிறார். பையனுக்குள் கொலைவெறி இருப்பது தெரிந்ததும் அதை அடக்கப் பார்க்காமல், ஒரு சட்டதிட்டம் வகுத்துக் கொடுக்கிறார்: மாட்டிக்கொள்ளாதே, கொலை செய்தவன் என்று உறுதியானவனை மட்டும் கொல். வளர்ந்தவனுக்கு மியாமி போலீஸில் ரத்தக் கறைகளை ஆராயும் வேலை. பகலில் கொலைகளைத் துப்பறிய உதவுவான், இரவில் கொல்வதற்காகப் பிளாஸ்டிக் விரித்து மேசை போடுவான். டெக்ஸ்டராக நடிக்கும் மைக்கேல் சி. ஹாலின் வறட்டு நகைச்சுவை கலந்த மனக்குரல் நம் காதிலேயே பேசிக்கொண்டிருக்கும். அந்தத் தொடக்கக் காட்சியை வேறு சொல்ல வேண்டும். சவரம் செய்வது, முட்டை பொரிப்பது, ஷூ நாடாவை இழுத்துக் கட்டுவது என்று ஒரு மனிதனின் சாதாரணக் காலைப்பொழுதுதான் ஓடும். ஆனால் ஒவ்வொரு அசைவிலும் ஒரு கொலை ஒளிந்திருக்கும்.

ஆனால் ஹாரியின் விதிகளைவிடப் பெரிய காவல் ஒன்று டெக்ஸ்டருக்கு உண்டு. அது எழுத்தாளர்கள். டோக்ஸை என்ன செய்வது என்று டெக்ஸ்டர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய முன்னாள் காதலி லைலா வந்து குடிலை வெடிக்க வைத்துவிடுகிறாள். ஏழாவது சீசன் முடிவில் கேப்டன் லகெர்ட்டா உண்மையை நெருங்கியபோது, சுடுவது டெக்ஸ்டரின் தங்கை டெப்ரா. இரண்டு நிரபராதிகளின் சாவிலும் லாபம் அடைந்தவன் இவன், துப்பாக்கி மட்டும் வேறொருவர் கையில். நாம் கூச்சமில்லாமல் அவனை ரசிக்க இப்படி வழி பண்ணிக் கொடுக்கிறார்கள். நான்காவது சீசனில் ஜொனதன் ஃபேரோ என்ற புகைப்படக்காரரைக் கொலைகாரன் என்று தப்பாகக் கணித்துக் கொன்றுவிடுவான். ஒரு தொடரையே உலுக்கியிருக்க வேண்டிய விஷயம் அது. கொஞ்ச நேரம் வருந்திவிட்டுக் கதை நடையைக் கட்டுகிறது.

அதே சீசனின் முடிவுதான் இந்தத் தொடர் நேர்மையாக இருந்த உச்ச கட்டம் என்பதும் உண்மை. குடும்பமும் கொலையும் சேர்ந்தே நடக்க முடியும் என்பதை குடும்பஸ்தனாகவே வாழும் டிரினிட்டி என்ற தொடர் கொலைகாரனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, அவனைக் கொல்வதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவான் டெக்ஸ்டர். கடைசியில் வீட்டுக்கு வந்தால் குளியல்தொட்டியில் மனைவி ரீட்டாவின் பிணம், தரையில் ரத்தத்துக்கு நடுவே அவன் குழந்தை. டிரினிட்டியாக நடித்த ஜான் லித்கோவுக்கு எம்மி விருது கிடைத்தது, அதில் வியப்பில்லை. அந்தச் சீசனோடு தொடரை வழிநடத்திவந்த கிளைட் பிலிப்ஸ் பொறுப்பிலிருந்து விலகினார். அப்புறம் நான்கு சீசன்கள் இழுத்து, 2013இல் நாயகனை மரம் வெட்டுபவனாக எங்கோ உட்கார வைத்து முடித்தார்கள். அந்த முடிவைக் கேலி செய்யாதவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பாரியும் இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது, ஆனால் நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. பாரி ஆப்கானிஸ்தானில் இருந்து திரும்பிய முன்னாள் அமெரிக்க மரைன் படை வீரன், கூலிக்குக் கொல்பவன். லாஸ் ஏஞ்சலஸில் ஒருவனைக் கொல்லப் போன இடத்தில் நடிப்புப் பயிற்சி வகுப்புக்குள் நுழைந்து, இனி இதுதான் வாழ்க்கை என்று முடிவு செய்கிறான். கொலைத் தொழிலை விட்டுவிட ஒருவன் ஆசைப்பட்டால் நாம் அவன் பக்கம் சாயாமல் என்ன செய்வோம்? அதோடு பாரியாக நடிக்கும் பில் ஹேடரின் அசட்டு முழி, நோஹோ ஹாங்க் என்ற தாதாவின் அநியாய மரியாதை. அரை மணி நேர நகைச்சுவைத் தொடர் என்று நம்பி உட்கார்ந்துவிடுவோம்.

முதல் சீசனின் ஏழாவது எபிசோடில் கிறிஸின் முறை வருகிறது. மனைவி, குழந்தை என்று வாழும் பழைய ராணுவ நண்பன், அப்பாவி. பாரியால் ஒரு கொலையில் சிக்கிக்கொண்டு, மனசாட்சி உறுத்த, போலீஸிடம் சொல்லிவிடலாம் என்கிறான். டெக்ஸ்டராக இருந்திருந்தால் இந்த இடத்தில் யாராவது ஒரு லைலா வந்திருப்பாள். இங்கே யாரும் வருவதில்லை. காரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனை பாரியே சுடுகிறான். அன்று இரவே வகுப்பு மேடையேற்றும் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் காட்சியில் ராணி இறந்த செய்தியைச் சொல்லும் ஒற்றை வரி அவனுக்கு. அந்த வரியை உடைந்துபோய்ச் சொல்கிறான், காட்சி பிரமாதமாக அமைந்துவிடுகிறது. கிறிஸின் சாவு மேடையில் கைதட்டலாக மாறுகிறது. இவ்வளவு குரூரமான ஒரு நகைச்சுவையை வேறெந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் "இப்போதிலிருந்து" திருந்திவிடுவதாகச் சொல்லிக்கொள்வது பாரியின் வழக்கம். நாமும் கூடவே நம்பி நம்பி, ஒரு கட்டத்தில் நம்முடைய நம்பிக்கையே நமக்கு அருவருப்பாகிவிடும். நான்காவது சீசனில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். பாரி செத்த பிறகு அவனை வீரனாகவும், அவனால் சீரழிந்த நடிப்பு ஆசிரியர் குசினோவைக் கொலைகாரனாகவும் காட்டி ஒரு படம் எடுக்கப்படுகிறது. அதை பாரியின் மகன் உட்கார்ந்து பார்க்கிறான். டெக்ஸ்டர் எட்டு சீசன்களில் நமக்குச் செய்ததை பாரி சில நிமிடப் போலிப் படத்தில் செய்து காட்டிவிட்டுப் போகிறது.

யூ பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. ஜோ கோல்ட்பெர்க் நியூயார்க்கில் புத்தகக் கடை நடத்துபவன். காதலிக்கும் பெண்ணை "நீ" என்று அழைத்து ஓயாமல் பேசும் மனக்குரல்தான் அவன் ஆயுதம், தொடரின் பெயரே அதுதான். பக்கத்து வீட்டுச் சிறுவன் பாக்கோவைக் கொடுமைப்படுத்துபவனைக் கொல்லும்போது டெக்ஸ்டரின் அதே பழைய உத்தி வேலை செய்கிறது. ஆனால் முதல் சீசன் முடிவில் காதலி பெக்கையே கொன்று, நாம் வைத்த நம்பிக்கையை முறித்துப் போடுகிறது. அது துணிச்சல்தான். இருந்தும் ரசிகைகள் உருகினார்கள். இவனை ரசிக்காதீர்கள் என்று நடிகர் பென் பாட்ஜ்லியே ட்விட்டரில் சொல்ல வேண்டி வந்தது. அப்புறம் ஊர் மாறும், பெண் மாறுவாள், அவன் ஆட்களை அடைத்துவைக்கும் கண்ணாடிக் கூண்டு மட்டும் மாறாது. ஐந்து சீசன்களில் இரண்டு போதும்.

டெக்ஸ்டரை இப்படியே விட்டுவிட்டால் அநியாயம். கிளைட் பிலிப்ஸ் திரும்பி வந்து 2021இல் நியூ பிளட் என்று பத்து எபிசோடுகள் எடுத்தார். அதன் கடைசியில் டெக்ஸ்டர் தப்பிப்பதற்காக லோகன் என்ற நல்ல போலீஸ்காரரைத் தன் கையாலேயே கொல்கிறான். லைலாவும் இல்லை, டெப்ராவும் இல்லை. அதற்காக அவன் மகனே அவனைச் சுடுகிறான். பதினைந்து ஆண்டுக் கடனை ஒரே எபிசோடில் அடைத்தார்கள், அவசர அவசரமாக என்றாலும் அடைத்தார்கள். பிறகு 2025இல் ரெசரக்ஷன் என்ற பெயரில் அவனை உயிரோடு எழுப்பிக் கொண்டுவந்து, அடைத்த கடனுக்கான ரசீதையும் கிழித்துப் போட்டாயிற்று.

ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருந்தால் பாரி. மொத்தமே 32 எபிசோடுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம்தான். ராத்திரி ஒரு கொலைகாரனோடு சுகமாகச் சாய்ந்து உட்கார வேண்டும், மனசு ரொம்ப உறுத்தக் கூடாது என்றால் டெக்ஸ்டரின் முதல் நான்கு சீசன்கள், அதிலிருந்து நேராக நியூ பிளட், அங்கேயே நிறுத்தம். பாரியை மட்டும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். முதல் சீசனின் ஏழாவது எபிசோடுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் ஒரு நாளாவது விடுங்கள்.