மூன்று பந்து ஸ்பைரோமீட்டர்: அப்பாவுக்கு வாங்கியது

அப்பாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் வாங்கச் சொன்ன மூச்சுப் பயிற்சிக் கருவி இது. மூன்று அறை, மூன்று பந்து, மேலே 600, 900, 1200 என்று போட்டிருக்கும். நொடிக்கு எத்தனை மில்லி காற்றை இழுக்கிறோம் என்ற கணக்கு. முதல் நாள் அப்பா பலூன் ஊதுவதுபோல ஊதிக்கொண்டே இருந்தார், பந்து அசையவே இல்லை. ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். அப்படி இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்கும், விலா எலும்புகள் விரியும், நெஞ்சுக்குள் அழுத்தம் குறையும், காற்று தானாக உள்ளே பாயும். தையல் வலிக்குப் பயந்து அரைகுறையாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பக்கத்துக் காற்றறைகள் சுருங்கிப்போய் சளி தேங்கும் என்பதால்தான் இந்தப் பயிற்சி.

ஒரே குறை, குழாய் செருகும் இடம் லூசு. காற்று கசிந்தால் பந்து எழாது, அப்பா தன் மூச்சுதான் போதவில்லை என்று கலங்கிவிட்டார், அதுதான் எனக்குக் கோபம். அழுத்திச் செருகிய பிறகு சரி. வாங்கினால் முதலில் அதைப் பாருங்கள். மூன்று பந்தையும் சட்டென்று தூக்குவதைவிட ஒரு பந்தை மூன்று நொடி நிறுத்துவது நல்லது, தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். ஐந்தாம் நாள் காலையில் இரண்டாவது பந்து மேலேயே நின்றது, அப்பா கையை உயர்த்தி அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.