சுவா சூ காங் மண்ணா, ஆலயத்து மாடமா?

சிங்கப்பூரில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் சாவு நடந்தால் முதல் சில மணி நேரத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். சுவா சூ காங் இடுகாட்டு மண்ணில் அடக்கமா, தகனமா? தகனம் என்றால் அஸ்திக் கலசத்தை அரசாங்க மாடத்தில், அதாவது கலசம் வைப்பதற்கென்றே சுவரில் அமைத்த சிறு அறையில், வைப்பதா, ஆலயத்து மாடத்தில் வைப்பதா? அம்மாவுக்கு நாங்கள் தகனம் செய்து ஆலயத்து மாடத்தில் வைத்தோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அம்மா நடமாடிக்கொண்டிருந்த காலத்திலேயே பேசி முடித்திருந்ததால், அந்த மூன்று நாளும் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்லவும் அழவும் எங்களுக்கு நேரம் இருந்தது. நீங்களும் அப்படிப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பணக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நாங்கள் பார்த்தபோது சுவா சூ காங்கில் கிறிஸ்தவப் பெரியவர் ஒருவரை அடக்கம் செய்ய தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கட்டணம் 940 வெள்ளி. மண்டாயில் உள்ள அரசாங்கத் தகனச் சாலையில் தகனத்துக்கு 100 வெள்ளி, அரசாங்க அஸ்தி மாடத்தில் சாதாரண மாடம் ஒன்றுக்கு 500, குடும்ப மாடத்துக்கு 900. பெட்டி, வண்டி, கல் எல்லாம் தனி. ஆலயத்து மாடம் அரசாங்கத்தினுடையதைவிடக் கணிசமாக அதிகம், பங்குக்குப் பங்கு, அதாவது ஆலயத்துக்கு ஆலயம், மாறவும் செய்யும். சல்லிசான வழி வேண்டுமென்றால் அரசாங்க மாடம்தான், அதில் விவாதத்துக்கு இடமில்லை.

அடுத்து, "கத்தோலிக்கர் எரிக்கலாமா?" என்ற கேள்வி. பெரியவர்கள் இதை இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். 1963இலேயே திருச்சபை தடையை நீக்கிவிட்டது. 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பும் அடக்கத்தைப் பரிந்துரைத்துவிட்டு, தகனத்தைத் தடுப்பதில்லை என்கிறது. உடல் உயிர்த்தெழும் என்ற விசுவாசத்தை மறுப்பதற்காக எரிப்பதுதான் கூடாது. 2016இல் வத்திக்கான் இன்னும் தெளிவாகச் சொன்னது: அஸ்தி கல்லறையிலோ ஆலயத்திலோ அதற்கென ஒதுக்கிய புனித இடத்திலோ இருக்க வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, கடலிலோ தோட்டத்திலோ தூவக் கூடாது. ஆகவே 2021இல் சுவா சூ காங்கில் திறந்த அஸ்தி தூவும் தோட்டம் நமக்கான வழி இல்லை. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அதே 2016 ஆவணத்தில் திருச்சபை தன் முதல் விருப்பம் மண்ணில் அடக்கம்தான் என்று திரும்பவும் சொல்கிறது. ஆண்டவரே கல்லறையில் வைக்கப்பட்டவர் அல்லவா. இந்த ஒரு காரணத்துக்காக அடக்கத்தைத் தேர்கிறவரோடு நான் வாதாட மாட்டேன்.

ஆனால் சிங்கப்பூரில் அந்த அடக்கம் 15 ஆண்டுகளுக்குத்தான். நிலப் பற்றாக்குறையால் 1998இல் வந்த விதி இது. புதிய அடக்கத்துக்குத் திறந்திருக்கும் இடுகாடு சுவா சூ காங் ஒன்றே. 15 ஆண்டு முடிந்ததும், வரிசைப்படி அறிவித்துக் குழியைத் திறப்பார்கள். நம்மைப்போல மதம் தகனத்தை அனுமதிக்கும் குடும்பங்கள் என்றால், எடுத்த எலும்புகள் தகனத்துக்குத்தான் போகும். அந்த அஸ்தி கடைசியில் ஒரு மாடத்துக்குத்தான் வரும். பிடாடரியை நினைத்துப் பாருங்கள். 1908 முதல் 1972 வரை கத்தோலிக்கர் உட்படக் கிறிஸ்தவர்களைப் புதைத்த பெரிய இடுகாடு அது. 2000க்குப் பிறகு எல்லாவற்றையும் தோண்டி எடுத்தார்கள், இப்போது வீவக வீடுகள் நிற்கின்றன. உயிரோடு இருக்கிறவர்களுக்கு வீடு வேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. மண் நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டு மட்டும் அதைத் தேர வேண்டாம் என்கிறேன்.

என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது பெரியப்பாவின் குழி திறந்த நாள். அண்ணனுக்குத் துணையாகப் போயிருந்தேன். விடிவதற்கு முன்பே வரச் சொன்னார்கள். வேலையாட்கள் மரியாதையாகவே செய்தார்கள், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒரு விசுவாச அறிக்கை, ஒரு பரலோக மந்திரம், தீர்த்தம் தெளித்தோம். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா கேட்டது, "அவர் கையில சுத்தி வச்ச செபமாலை இருந்துச்சா?" என்பதுதான். மணிகள் சில கிடைத்தன, கொண்டுவந்து கொடுத்தோம். அதற்குப் பிறகு பல மாதம், பெரியப்பாவின் சாவு நேற்று நடந்ததுபோலப் பெரியம்மா இருந்தார். 15 ஆண்டில் மெல்ல ஆறியிருந்த ஒன்றை, எண்பதை நெருங்கும் வயதில் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முதல் சாவுக்கு ஊரே வந்தது, ஃபாதர் வந்தார், ஆலயக் குழு வந்தது. இந்த இரண்டாவது துக்கத்துக்குக் கூட்டமும் இல்லை, சாப்பாடு கொண்டுவரும் அக்கம்பக்கமும் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 15 ஆண்டு கழித்து அறிவிப்பைப் பார்த்து, பதிவு செய்து, அதிகாலையில் போய் நிற்க ஒருவர் இருக்க வேண்டும். எங்களில் ஒருவர் பெர்த்தில், ஒருவர் சென்னையில். இங்கே இருக்கும் எனக்கும் அப்போது முட்டி என்ன நிலையில் இருக்குமோ. பெற்றோரை அடக்கம் செய்கிறவருக்கு அம்பது, அறுபது வயது இருக்கும் என்றால், குழி திறக்கும்போது அவருக்கு அறுபத்தைந்து, எழுபத்தைந்து ஆகிவிடும். பராமரிப்பு என்று சொன்னால் கல்லைத் துடைப்பது, பூ வைப்பது என்றுதான் நினைக்கிறோம். உண்மையான பராமரிப்பு அந்தப் பதினைந்தாம் ஆண்டில்தான் வருகிறது. எப்படியும் மாடத்தில்தான் முடியும் என்றால், ஒரே துக்கமாக இருக்கட்டும் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

அரசாங்க மாடம்? மண்டாயில் உறவினர் ஒருவருக்காகப் போய்வந்த அளவுக்குத்தான் எனக்குப் பழக்கம். சுத்தமாக இருக்கிறது, ஒழுங்காக நடத்துகிறார்கள். எல்லா மதத்தவரும் அருகருகே இருப்பது நல்ல விஷயம் என்றுகூடத் தோன்றியது. சீனர்கள் முன்னோரை வணங்க வரும் சிங் மிங் காலத்தில் கூட்டம் அதிகம், அந்த வாரங்களைத் தவிர்த்தால் அமைதி. ஆனால் அங்கே போக வேண்டும் என்று முடிவெடுத்துத்தான் போக வேண்டும். முதல் ஆண்டு எல்லோரும் போவோம். அப்புறம் பிறந்தநாள், நினைவுநாள், கல்லறைத் திருநாள் என்று சுருங்கும்.

ஆலயத்து மாடத்தில் இதுதான் வேறு. ஞாயிறு பூசை முடிந்து இறங்கினால் அம்மா இருக்கிறார். பேரப்பிள்ளைகளைத் தனியாக அழைத்துப்போக வேண்டியதில்லை, அவர்களே ஓடுகிறார்கள். கம்போங் பாருவில் உள்ள செயின்ட் தெரசா ஆலயம், புக்கிட் பாத்தோக்கில் பிரான்சிஸ்கன் துறவிகளின் செயின்ட் மேரி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் ஆலயம் போன்றவற்றில் அஸ்தி மாடங்கள் இருக்கின்றன. இரண்டாவது ஆலயத்தின் புதிய கட்டடத்தில் மாடங்களையும் வளாகத்தின் ஒரு பகுதியாகவே அமைத்திருக்கிறார்கள். இறந்தவர்களும் பங்கு மக்களே என்று கட்டடமே சொல்வதுபோல இருக்கும். போய்ப் பாருங்கள், வாங்கத்தான் போக வேண்டும் என்பதில்லை.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது மனிதர்கள். அம்மாவின் மாடத்துக்கு இரண்டு வரிசை தள்ளி, மகனை இழந்த ஒரு தாய் வருவார். முதலில் தலையசைப்பு, பிறகு பெயர், பிறகு பக்கத்துக் காப்பிக் கடை. பங்கின் துக்க ஆறுதல் குழுவுக்கு என்னை அழைத்துப்போனது அவர்தான். அடக்கப் பூசைக்கு முன் பாடல், வாசகம் தேர்ந்துகொடுத்து உதவியவர்களும் அதே குழுவினர்தான் என்பது அங்கே போன பிறகே தெரிந்தது. அவர்கள் அறிவுரை சொல்வதில்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேச விடுகிறார்கள். முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு நண்பர்கள் பேச்சை மாற்றத் தொடங்கும்போது இது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இடுகாட்டில் அடக்கம் செய்த குடும்பங்களும் இந்தக் குழுவுக்கு வரலாம், வருகிறார்கள். ஆனால் எனக்கு அந்த வழியைக் காட்டியது மாடம்தான்.

ஆலயத்து மாடத்தை எடுக்கும்முன் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டுக்கு, ஆலயம் இடிக்கப்பட்டால் அல்லது இடம் மாறினால் அஸ்தி எங்கே போகும், வேறு பங்கினருக்குக் கிடைக்குமா, கத்தோலிக்கர் அல்லாத கணவனோ மனைவியோ அதே மாடத்தில் சேரலாமா, மாலையில் எத்தனை மணிவரை திறந்திருக்கும். கலப்புத் திருமணக் குடும்பங்களுக்கு நான்காவது கேள்வி மிக முக்கியம், பங்குத்தந்தையிடம் நேராகப் பேசிவிடுவது நல்லது.

மண்ணையே தேர வேண்டியவர்களும் இருக்கிறார்கள். நெருப்பை நினைத்தாலே நடுங்குகிறவர் என்றால் அவர் விருப்பம்தான் பெரிது. அப்போது 15 ஆண்டு விதியை இளைய பிள்ளை ஒருவரிடம் சொல்லி, பதிவு விவரங்களையும் கொடுத்து வையுங்கள்.

கடைசியாக, அஸ்தியைப் பங்கிடுவது பற்றி. அக்காவுக்கு ஒரு பிடியை வேளாங்கண்ணிக் கடலில் விட ஆசை. கடலில் கரைப்பது கூடாது என்று ஃபாதர் மென்மையாக, ஆனால் உறுதியாகச் சொன்னார். 2023 டிசம்பரில் வத்திக்கான் கொடுத்த விளக்கத்தின்படி, இறந்தவருக்கு முக்கியமான ஓர் இடத்தில் சிறு பகுதியை வைத்துக்கொள்ளத் திருச்சபை அதிகாரிகள் பரிசீலித்து அனுமதிக்கலாம். நாங்கள் அதைக் கேட்கவில்லை. அம்மா முழுதாக ஓரிடத்தில் இருக்கட்டும் என்று அக்காவே பிறகு சொல்லிவிட்டார். வேளாங்கண்ணியில் அம்மா பெயரில் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு வந்தார்.