பினாங்கில் முதல் கிட்டார் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 480 வெள்ளி 690 ஆன கதை

ஜார்ஜ்டவுனில் பிள்ளைக்கு முதல் கிட்டார் தேடுகிறீர்களா? அதிலும் ஆம்ப்பில் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டியில்) செருகி வாசிக்கிற மாதிரி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் வைத்த கிட்டார்தான் வேண்டுமா? கடை ஏறும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஐந்நூறு அறுநூறு வெள்ளிக்குள் வாங்க நினைப்பவர்களுக்குத்தான் இந்தப் பொறி வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வெள்ளி செலவழிக்கிறவர் நாலு கடை பார்ப்பார், வாசிக்கத் தெரிந்த ஆளைக் கூட்டிப் போவார். முதன்முறை வாங்குகிறவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாது. தெரியாததில் தப்பில்லை. அதைப் பார்த்துத் தலையில் கட்டுகிறான் பாருங்கள், அதுதான் தப்பு.

என் அக்கா மகளுக்குப் பதினான்கு வயது. பட்டர்வொர்த்தில் அவள் போகும் தேவாலயத்தின் பாடற்குழுவில் கிட்டார் வாசிக்க ஆள் இல்லை. கற்றுக்கொண்டால் அங்கேயே வாசிக்கலாம், ஆனால் ஒலிபெருக்கியில் செருக முடிகிறதாக இருக்கட்டும் என்று குழுவில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட். அக்காவும் மகளும் பெர்ரி ஏறித் தீவுக்கு வந்து ஒரு கடைக்குப் போனார்கள். கடையில் நின்றது நம் பையன். "வாங்கக்கா, தங்கச்சிக்கா பாக்குறீங்க?" என்று தமிழில் ஆரம்பித்ததும் அக்காவுக்குப் பாதித் தயக்கம் போய்விட்டது.

அவர் காட்டிய கிட்டாரில் 480 வெள்ளி என்று சீட்டு ஒட்டியிருந்தது. கடையின் சொந்த பிராண்ட். மெல்லிய உடம்பு, ஒரு பக்கம் வளைத்து வெட்டியது, தோள் பக்கத்தில் நாலு குமிழும் சுருதி பார்க்கும் ஒரு ட்யூனரும். "இது சோலிட் டாப்க்கா. இந்த வெலைக்கு பினாங்குல எங்கயும் கெடைக்காது, வேணும்னா போய்க் கேட்டுப் பாருங்க லா" என்று சொல்லிவிட்டு, ஆம்ப்பில் செருகி வாசித்தும் காட்டினார். சோலிட் டாப் என்றால் மேற்பலகை அடுக்கி ஒட்டாத ஒரே மரப்பலகை என்று அர்த்தம். அதை அக்கா மகள் கைப்பேசியில் காணொளியாகப் பிடித்து வைத்திருந்தாள். சின்னப் பிள்ளை ஆசையில் பிடித்தது. பிறகு எங்களுக்கு அதுவே சாட்சி ஆனது.

பணம் கட்டும்போது 480 நிற்கவில்லை. செட்டப் (கம்பி உயரத்தையெல்லாம் வாசிக்க வசதியாகச் சரிசெய்வது) 80, பை 50, கேபிள் 40, புது ஸ்ட்ரிங் மாட்டியதற்கு 40. மொத்தம் 690. பில்லில் இருந்தது 'கிட்டார் 1 செட்' என்ற ஒரே வரி. மாடல் இல்லை, சோலிட் டாப் என்று இல்லை, செட்டப் என்றும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளைக்கு சி கார்டு பிடிப்பதே போராட்டம் (சில கம்பிகளைச் சேர்த்து அமுக்கிப் பிடிக்கிறதுதான் கார்டு). எஃப் வரவே இல்லை. ஆரம்பத்தில் எல்லாருக்கும் விரல் வலிக்கும் என்று யூடியூபில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்திருக்கிறாள். விரல் வலிக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் இரும்புக் கோலை வைத்து நான் அளந்தபோது பன்னிரண்டாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃபிரெட்) தடித்த கம்பி நாலு மில்லிமீட்டருக்கு மேல் எழும்பி நின்றது. இரண்டரையை ஒட்டி இருந்தால் வாசிக்கலாம். எண்பது வெள்ளி வாங்கிய செட்டப் எங்கே போனது என்று தெரியவில்லை. 'புது' ஸ்ட்ரிங்கைத் துடைத்தேன், துணியில் துரு ஒட்டியது.

பிறகுதான் காணொளியை நிதானமாகப் பார்த்தேன். விற்றவர் தொடக்கம் முதல் கடைசி வரை இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்குகிற கவ்வி, போட்டே வாசித்திருக்கிறார். கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு இருக்கிறதே, நட், அதன் பள்ளங்களைப் போதுமான ஆழத்துக்கு வெட்டாவிட்டால் முதல் இரண்டு மூன்று ஃபிரெட்டுகளில் கம்பியை அமுக்க மல்லுக்கட்ட வேண்டும். கேப்போ போட்டால் அந்த உயரம் கணக்கிலேயே வராது. ஆரம்பத்தில் பழகுகிற கார்டுகள் எல்லாம் இருப்பதோ சரியாக அந்த மூன்று ஃபிரெட்டுக்குள்! வாசிக்கத் தெரிந்தவன்தான் இப்படி மறைக்க முடியும். எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான்.

அடுத்தது ஆம்ப். எதிரொலி சேர்க்கிற ரிவர்ப் குமிழைப் பாதிக்கு மேல் திருகி வைத்திருப்பது காணொளியில் தெரிகிறது. இந்த வகைக் கிட்டார்களில் பெரும்பாலும் சேடிலுக்கு (உடம்புப் பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டுக்கு) அடியில் ஒரு மெல்லிய பீசோ பட்டை இருக்கும். கம்பியின் அழுத்தம் அதிர அதிர அது மின்சாரமாக மாறும், ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் பிரீஆம்ப் அதைப் பெருக்கி வெளியே அனுப்பும். மேற்பலகை நல்லதா மட்டமா என்பது அந்த வழியில் முழுதாக வராது. ரிவர்ப்பும் சேர்ந்தால் எந்தக் கட்டையும் கல்யாண மண்டபத்தில் வாசித்த மாதிரி கேட்கும். செருகாமல் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதனால்தான் அவர் ஆம்ப்பிலிருந்து கேபிளைக் கழற்றவே இல்லை.

சோலிட் டாப் விஷயம் இன்னும் கேவலம். நடுத் துவாரத்தின் விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரே பலகையாக இருந்தால் மேலே ஓடும் மரக்கோடுகள் விளிம்பில் இறங்கி அடிப்பக்கம் வரை தொடரும். இதில் மூன்று அடுக்கு பளிச்சென்று தெரிந்தது. அடுக்குப் பலகையை நான் குறை சொல்லவில்லை. காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிற நம் ஊரில் அது கொஞ்சம் தாங்கக்கூட செய்யும். யமாஹா எஃப்310 அடுக்குப் பலகைதான், எத்தனையோ பேர் அதில்தான் பழகினார்கள். அதே யமாஹாவில் எஃப்ஜி800-க்கு ஒரே பலகை ஸ்ப்ரூஸ். எது எது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இங்கே ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்றிருக்கிறார்கள்.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நானே கடைக்குப் போனேன். அதே பையன், ஆனால் இப்போது "அக்கா" மரியாதை எல்லாம் இல்லை. "ஆக்‌ஷன்தானே அண்ணே, எறக்கித் தர்றேன்" என்று கம்பி உயரத்தைக் குறைக்க உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரத்தில் திருப்பித் தந்தார். கம்பி இறங்கியிருந்தது, உண்மை. வீட்டில் ஆம்ப்பில் செருகினால் இரண்டு மெல்லிய கம்பிகளின் சத்தம் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. கம்பியைத் தளர்த்தி சேடிலை உருவிப் பார்த்தேன். அடிப்பக்கத்தைக் கோணலாகத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். சேடிலின் அடி கண்ணாடி மாதிரி சமமாகப் பட்டையின் மேல் உட்கார வேண்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால் அந்தப் பக்கத்துக் கம்பி ஆம்ப்பில் கேட்காது. நட்டைத் தொடவே இல்லை. எஃப் கார்டு இப்போதும் வரவில்லை.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பிரிட்ஜின் (சேடிலைத் தாங்கி, மேற்பலகையில் ஒட்டியிருக்கும் கட்டையின்) பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்தால் உள்ளே போகிறது. பசை விட்டுக்கொண்டு வருகிறது. ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கிற இடம் அது, வெயிலில் பசை இளகினால் முதலில் விடுவது அங்கேதான். காணொளியின் ஆரம்பத்திலேயே தெரிகிறது: அந்தக் கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது வெயில் அடிக்கிற கண்ணாடி ஓரத்தில். பெட்டியில் இருந்த புதுச் சரக்கே இல்லை அது.

இரண்டாவது முறை போனதும் முதலாளி வந்தார். "கார்ல வச்சிருப்பீங்க, அதான் வெயில்ல வுட்டுக்கிச்சு" என்றார். அக்காவிடம் கார் கிடையாது. அதைச் சொன்னதும் பேச்சு மாறியது. இன்னும் 300 வெள்ளி போட்டால் நல்ல பீஸ் ஒன்று மாற்றித் தருவாராம்! பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பில்லின் அடியில் இருந்த மலாய் வரியைக் காட்டினார், விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்று.

அந்த வரியைப் பார்த்துத்தான் நம்மில் பல பேர் திரும்பி வந்துவிடுகிறோம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்தோடு பொருந்தவும் வேண்டும். பில்லில் ஒரு வரி அச்சடித்து அந்தப் பொறுப்பைக் கழற்றிவிட முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், நடந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். இரண்டு தரப்பும் வக்கீல் வைக்க முடியாது என்பது நமக்கு நல்லதுதான், கடைக்காரரும் நம்மைப் போல வக்கீல் இல்லாமல்தான் வர வேண்டும். எப்படி எழுதுவது என்று குழம்பினால் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். ஆனால் ஒன்று, இதெல்லாம் கடைக்காரர்களுக்கு எதிராகத்தான் செல்லும். முகநூலில் யாரோ ஒருவர் தன் பழைய கிட்டாரை விற்று ஏமாற்றினால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. பழசு வாங்குகிறவர்கள் இன்னும் உஷாராக இருங்கள்.

இந்த விலையில் வாங்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது: பிக்கப்பை மறந்துவிடுங்கள். கையில் அறுநூறு வெள்ளிதான் என்றால் அதில் பிரீஆம்ப்புக்கும் கேபிள் செருகும் ஜேக்குக்கும் போகிற காசு மரத்திலிருந்தும் வேலைப்பாட்டிலிருந்தும்தான் கழியும். பிக்கப் இல்லாத நேர்மையான அக்கூஸ்டிக் ஒன்றை வாங்கி, மிச்சத்தில் தெரிந்த ஆளிடம் சரியாக செட்டப் செய்துகொள்ளுங்கள். துவாரத்தில் மாட்டுகிற பிக்கப், ஒட்டுகிற பிக்கப் எல்லாம் பின்னால் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். சின்னக் கைக்கு யமாஹா எஃப்எஸ்800 மாதிரிச் சிறிய உடம்பு நல்லது, அதன் கம்பி நீளம் 634 மில்லிமீட்டர்தான், எஃப்ஜி-யில் 650. இல்லை, செருகுகிறதுதான் வேண்டும் என்றால் செருகாமல் கேளுங்கள், கேப்போவைக் கழற்றச் சொல்லுங்கள், செருகிய பிறகு ரிவர்ப்பைப் பூச்சியத்தில் வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டச் சொல்லுங்கள். ஆறும் ஒரே அளவு கேட்க வேண்டும். நட்டைப் பார்க்க, மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அமுக்கிவிட்டு முதல் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள், முடி அளவுக்கு இருந்தால் சரி. வாயால் சொன்ன எல்லாவற்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள். வாசித்துக் காட்டுவதைக் காணொளி எடுங்கள், ஆசைக்காகவாவது.

மனுப் போட்டுவிட்டோம். விசாரணைத் தேதியும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கடையிலிருந்து அக்காவுக்குப் போன்: பாதிப் பணம் தருகிறோம், மனுவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. "முழுசா குடுங்க, கிட்டாரக் கொண்டாந்து வச்சிர்றேன்" என்று அக்கா வைத்துவிட்டார். பிள்ளை இப்போது யாரோ இரவல் கொடுத்த பழைய கிட்டாரில் பழகுகிறாள், பாடற்குழுவில் முன்னால் ஒரு மைக்கை நிறுத்திவிடுகிறார்கள்.

புலனத்தில் கடைப் பெயர் கேட்காதீர்கள், விசாரணை முடியும் வரை சொல்ல மாட்டேன். வாங்க நினைக்கிற கிட்டாரின் படத்தை அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். துவாரத்தின் விளிம்பும் பிரிட்ஜின் பின்பக்கமும் தெரிகிற மாதிரி எடுங்கள், முன்பக்க அழகுப் படம் வேண்டாம்.